ஒரே நாளில் திருமயமும் சித்தன்னவாசலும்: குடும்பத்துடன் செல்ல வழி சொல்லுங்கள்

கானாடுகாத்தான் வளவு (பதிவு 1)

அனைவருக்கும் வணக்கம். வருகிற மாசியில் என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) எழுபது வயது நிறைவதை ஒட்டி, கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டிலேயே பீமரத சாந்தி செய்ய இருக்கிறோம். சென்னை, கோவை, பெங்களூரு என்று பிரிந்து கிடக்கிற தாயபிள்ளைகள் அனைவரும் வருகிறார்கள். வியாழக்கிழமை விழா. வெள்ளிக்கிழமை வந்தவர்களை வழியனுப்புவதில் போய்விடும். சனிக்கிழமை முழுவதும் எங்கள் கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை விடியற்காலை காரைக்குடியில் பல்லவன் ஏறிச் சென்னைக்குத் திரும்புகிறோம்.

ஊருக்கு வரும்போதெல்லாம் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் இடம் என்று ஒரே வட்டத்தைத்தான் சுற்றுகிறோம். இம்முறை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆறு வயது முதல் பதின்மூன்று வயது வரை ஐந்து பிள்ளைகள். என் பெற்றோரையும் ஓர் அயித்தையையும் சேர்த்து மொத்தம் பதினான்கு பேர். ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) முழங்கால் வலி உண்டு. வேன் பேசிவிட்டேன்.

என் திட்டம் இது: காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குள் திருமயம் கோட்டை, பதினொன்றுக்குச் சித்தன்னவாசல், மதிய உணவுக்குப் பின் குடுமியான்மலை, அங்கிருந்து நார்த்தாமலை, ஐந்து மணிக்குக் கொடும்பாளூர் மூவர் கோயில், இரவு எட்டு மணிக்குள் வீடு. இது நடக்கக்கூடியதுதானா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓலைச்சுவடி (பதிவு 2)

வணக்கம் தம்பி. முப்பது ஆண்டுகள் புதுக்கோட்டை மாவட்டப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்தக் குன்றுகளுக்குப் பலமுறை சென்றிருக்கிறேன் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: உங்கள் பட்டியலில் ஐந்து இடங்கள் இருக்கின்றன, அவற்றில் மூன்றை இம்முறை விட்டுவிடுங்கள். வண்டி ஐந்து இடத்துக்கும் போகும். ஆனால் போய் இறங்கும் நேரம் ஒவ்வோர் இடத்துக்கும் பொருந்தாத நேரமாக இருக்கும்.

குடுமியான்மலைக்கு இரண்டு மணிக்குச் சென்றால் சிகாநாத சுவாமி கோயில் நடை சாத்தியிருக்கும். நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சரம் இருப்பது மேலமலையின் மொட்டைப் பாறைமேல். மாசி வெயிலில் மூன்றரை மணிக்கு அந்தப் பாறையில் ஆறு வயதுப் பிள்ளையை நடக்க வைக்கக்கூடாது. பதினொரு மணிக்குச் சித்தன்னவாசல் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்குதான் எனக்கு முதன்மையான மாறுபாடு.

அறிவர் கோயில் என்கிற சமணக் குடைவரை குன்றின் மேற்குச் சரிவில் மேற்கு நோக்கிக் குடையப்பட்டது. முற்பகலில் சூரியன் குன்றுக்குப் பின்னால் இருப்பதால் உள்ளே மங்கலாகவே இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் முன்மண்டபத்தைத் தாண்டி உள்ளே பரவும் ஒளியில்தான் விதானத்துத் தாமரைக் குளத்தின் பச்சை நிறம் தெளிந்து வருவதைக் கண்டிருக்கிறேன். சமண முனிவர்களின் கற்படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டமோ அதே குன்றின் கீழ்ப்புறத்தில் இருக்கிறது. காலையில் அங்கு வெயில் முகத்தில் அடிக்கும். மாலையில் நிழல் விழுந்துவிடும். ஆகவே சித்தன்னவாசல் பிற்பகலுக்கு உரிய இடம். திருமயம் காலைக்கு உரிய இடம். இடைப்பட்ட வெயில் நேரத்தில் கூரையுள்ள ஓரிடத்தில் இருக்க வேண்டும். திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் அதற்கு ஏற்றது.

ஒருமுறை நான் பணியாற்றிய பள்ளியொன்றில் எண்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் ஆறு இடங்களுக்குச் சென்றோம். சித்தன்னவாசலில் எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். திரும்பி வந்ததும் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். பெரும்பாலான பிள்ளைகள் குரங்குகளைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். தவறு பிள்ளைகள்மேல் இல்லை. அந்தப் பயணத்தை வகுத்தவர்களில் நானும் ஒருவன். அது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

கோனாபட்டு ஆச்சி (பதிவு 3)

ஆசிரியர் ஐயா சொல்வதே சரி. நான் பெண்கள் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன், தம்பி.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். விழாவுக்கு வைத்த சமையற்காரர் அன்று இருப்பாரானால் விடியற்காலையில் புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டித் தரச் சொல்லிவிடலாம். தயிர்ச்சோற்றில் பாலை அதிகமாக விட்டுக் கொஞ்சம் உறை மோர் சேர்த்தால் மதியத்துக்குப் புளிக்காமல் இருக்கும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று கணக்கு வையுங்கள். பாறை ஏறியவர்களுக்கு ஒரு லிட்டர் போதவே போதாது. குரங்குகள் இருப்பதால் பிள்ளைகள் கையில் தின்பண்டப் பொட்டலம் இருக்கக்கூடாது. கழிப்பறைக்கு வழியில் புதுக்கோட்டையில் நிறுத்திக்கொள்வது நல்லது. மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது சிறிய செய்தி இல்லை.

திருமயத்துக்கு முன்பாகக் காரைக்குடிச் சாலையிலேயே கோட்டை மதிலை ஒட்டிக் கோட்டை பைரவர் வடக்குப் பார்த்து இருக்கிறார். இந்த வழியாகப் போகிற வண்டிகள் நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் போவதில்லை. பெரியவர்கள் கண்டிப்பாக இறங்க வேண்டும் என்பார்கள். அந்த அரை மணி நேரத்தையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

செம்மண் பாதை (பதிவு 4)

எல்லோரும் நல்ல யோசனை சொல்கிறீர்கள்; எனக்கு வேறொரு கருத்து உண்டு. எதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டும்? செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளே 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. கானாடுகாத்தான் அந்தப் பட்டியலில் உள்ள ஊர்களில் ஒன்று. வெளிநாட்டிலிருந்து பயணிகள் வந்து உங்கள் தெருவில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு முகப்பு எது, வளவு எது, இரண்டாங்கட்டு எது, ஏன் ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை வீடு நீளுகிறது, முற்றத்து மழைநீர் எந்த வழியாக எங்கே போகிறது என்பதெல்லாம் தெரியுமா? அதைக் காட்டவே ஒரு நாள் போதாது. பர்மாவிலிருந்து வந்த தேக்குத் தூண் கையருகில் இருக்க, குன்றுகளைத் தேடிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கானாடுகாத்தான் வளவு (பதிவு 5)

ஐயாவுக்கும் ஆச்சிக்கும் மிக்க நன்றி. ஐந்து இடங்களை இரண்டாகக் குறைக்க மனம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் ஒளியின் திசையைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்தபின் மறுத்துப் பேச எனக்கு எதுவும் இல்லை.

செம்மண் பாதை அண்ணனுக்கு: நீங்கள் சொல்வது எனக்கு உறைக்கிறது. பிள்ளைகள் நான்கு நாட்கள் அந்த வீட்டில்தான் இருக்கப் போகிறார்கள் என்றாலும் அதைப் பார்ப்பார்களா என்று கேட்டால் என்னால் உறுதி சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மாலையில் அப்பச்சியே பிள்ளைகளை வீடு முழுவதும் கூட்டிச் சென்று காட்டும்படி கேட்டிருக்கிறேன். ஆயினும் நம் வீடுகளின் வயது நூறு, நூற்றைம்பது ஆண்டுகள். ஒரே நாளில் போய்வரும் தொலைவில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ் எழுத்து பாறையில் இருக்கிறது என்றால் அதைக் காட்டாமல் இருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஓலைச்சுவடி (பதிவு 6)

செம்மண் பாதை அவர்கள் எழுதியதை நான் மறுக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மாலையைச் சனிக்கிழமைப் பயணத்துக்கு முதற்பாடமாக ஆக்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் வீட்டுப் பட்டாலைச் சுவரில் பழைய பூச்சு இன்னும் இருக்குமானால் பிள்ளைகளை அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைத்து, அரைத்து, பல படிகளாகப் பூசி, கடைசிப் படியில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்து மெருகேற்றிய சுவர் அது. கோடையிலும் சில்லென்று இருக்கும். பளிங்கு போல வழுவழுப்பாக இருக்கும். பிறகு அவர்களிடம் சொல்லுங்கள்: நாளை நாம் பார்க்கப்போகிற ஓவியமும் பாறையின்மேல் நேராகத் தீட்டப்பட்டதில்லை. பாறையைச் சமன்செய்து, அதன்மேல் சுண்ணச் சாந்து பூசி, அந்தப் பூச்சின்மேல்தான் வண்ணம் தீட்டினார்கள். சாந்து உதிர்ந்தால் ஓவியமும் அதனோடு போய்விடும். தூண்களின் மேற்பகுதியில் உள்ள ஆடல் மகளிர் உருவங்களில் பாதி மறைந்து போனது அப்படித்தான். வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு அங்கே ஏன் தொடக்கூடாது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் மின்னொளியை அணைத்துவிட வேண்டும் என்பதையும் புறப்படும் முன்பே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. இந்த ஓவியங்கள் யார் காலத்தவை என்று பிள்ளைகள் கேட்டால் பல்லவர் என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். 1920-இல் துய்ப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் இவற்றைப் பற்றி எழுதியபோது முதலாம் மகேந்திரவர்மனின் காலத்தவை என்றே கருதினார். பழைய பாடப்புத்தகங்களும் அதையே சொல்லின. பின்னர் முகப்பின் தென்புறப் பாறையில் உள்ள தமிழ்ப் பாடல் கல்வெட்டு வாசிக்கப்பட்டது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அவனிபசேகரன் என்ற பட்டம் கொண்ட பாண்டியன் சீவல்லபன் காலத்தில் அகமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபமும் எடுத்தார் என்று அது சொல்கிறது. அது ஒன்பதாம் நூற்றாண்டு. ஆகவே நாம் இன்று காண்பவற்றில் பெரும்பகுதி பாண்டியர் காலத்து ஓவியம் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். ஒரு கல்வெட்டை வாசித்தால் நூலில் அச்சான செய்தி மாறும் என்பதைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். முகப்பில் இப்போது நிற்கும் தூண்கள் குடுமியான்மலையிலிருந்து சென்ற நூற்றாண்டில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை. அவற்றையும் பழைய மண்டபம் என்று எண்ணிவிடக்கூடாது.

மாத்தூர் வேப்பமரம் (பதிவு 7)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் சொல்லும் சனிக்கிழமை அந்த மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஆகிறதே, கவனித்தீர்களா? அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைகளும் இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை.

கானாடுகாத்தான் வளவு (பதிவு 8)

நல்ல வேளையாகச் சொன்னீர்கள். நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன், இரண்டாவது சனிக்கிழமையேதான். தங்கையிடம் பேசி, அவளுடைய மாமியார் வீட்டுக்குச் சனிக்கிழமை செல்வதென்றும் இந்தப் பயணத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்வதென்றும் மாற்றிவிட்டோம். திங்கட்கிழமை விடியலில் ரயில் என்பதால் ஆத்தாவுக்குச் சற்றுத் தயக்கம் இருந்தது. பெட்டிகளைச் சனிக்கிழமை இரவே கட்டி முகப்பில் வைத்துவிடுவதாகச் சொன்னபின் ஒத்துக்கொண்டார்கள்.

திருமயத்தைப் பற்றி இன்னும் யாரும் விரிவாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அதை ஊமையன் கோட்டை என்பார்கள். ஊமைத்துரை கட்டியது என்றே சிறுவயதில் நான் நம்பியிருந்தேன். அது உண்மையா? ஆத்தா மேலே ஏற முடியாவிட்டால் கீழே அவர்களுக்குப் பார்க்க ஏதாவது உண்டா?

மெய்யமலை அடிவாரம் (பதிவு 9)

திருமயத்துக்காரன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

கோட்டை 1687-ஆம் ஆண்டு இராமநாதபுரம் சேதுபதியால் கட்டப்பட்டது. பின்னர் புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் கைக்கு வந்தது. ஊமைத்துரை ஆங்கிலேயரை எதிர்த்தது 1801-இல். ஆகவே கோட்டை அவருக்கு நூறு ஆண்டு மூத்தது. அவர் இங்கு சிறைவைக்கப்பட்டிருந்தார் என்று ஊரில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பெயர் அந்த வழக்கிலிருந்து வந்தது. கட்டபொம்மன் பிடிபட்ட திருக்களம்பூர்க் காடும் தொண்டைமான் சீமையைச் சேர்ந்ததுதான் என்பதால் இந்தப் பகுதியில் அந்த நினைவு ஆழமாகத் தங்கிவிட்டது. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள்.

ஏழு சுற்று மதில் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று எஞ்சியவற்றைக் கொண்டே பழைய பரப்பைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஊருக்குள் வீடுகளுக்கு நடுவே வாசல் ஒன்று தனித்து நிற்பதை வண்டியிலிருந்தே காட்டலாம். மேலே ஏறுகிற வழி கடினமில்லை. பாதியில் பாறையில் குடைந்த சிறு சிவன் கருவறைக்கு இரும்பு ஏணி உண்டு. சிறு பிள்ளைகளைப் பெரியவர் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக ஏற்ற வேண்டும். உச்சிக் கொத்தளத்தில் பீரங்கி இருக்கிறது. பிள்ளைகள் அதைவிட்டு நகரமாட்டார்கள். கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். மேலே நிழல் அறவே இல்லை என்பதால் கோட்டை திறந்தவுடன் ஏறிப் பத்தரைக்குள் இறங்கிவிடுவது உத்தமம். நுழைவுக் கட்டணம் நான் கடைசியாகச் சென்றபோது 25 ரூபாய். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

இப்போது உங்கள் ஆத்தாவுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் திருமயத்தின் உயிர் மலையுச்சியில் இல்லை, தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது. ஒரே பாறையின் ஒரே சரிவில் சத்தியமூர்த்திப் பெருமாளுக்கும் சத்தியகிரீசுவரருக்கும் பக்கத்தில் பக்கத்தில் குடைவரைகள். பெருமாள் கோயில் நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய மெய்யம். உள்ளே பாறையிலேயே வடித்த பள்ளிகொண்ட பெருமாள் அவ்வளவு நீளம் என்பதால் ஒரே பார்வையில் முழுவதையும் பார்க்க முடியாது. திருமுகத்திலிருந்து திருவடிவரை கண்ணை மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். சிவன் கோயிலில் பெரிய இலிங்கோத்பவர் இருக்கிறார். இரு கோயிலாருக்கும் இடையில் வருவாய் பற்றிய வழக்கு நெடுநாள் நடந்து, 1245-இல் போசள (ஹொய்சள) அரசின் தண்டநாயகர், அதாவது படைத்தலைவர், அப்பண்ணர் முன்னிலையில் தீர்க்கப்பட்ட செய்தி கல்வெட்டாக இருக்கிறது. ஒரு வழக்கின் தீர்ப்பு எழுநூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகப் பாறையில் நிற்கிறது என்று வழக்கறிஞர்கள் யாரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால் சொல்லுங்கள்.

இரண்டு கோயிலும் பகலில் நடை சாத்தப்படும். அவை கோட்டை போல அல்ல, வழிபாடு நடக்கிற கோயில்கள். ஆகவே முதலில் எல்லோரும் கோயில்களைத் தொழுதுவிட்டு, பிறகு ஏறக்கூடியவர்கள் கோட்டைக்கு ஏறட்டும். பெரியவர்கள் மண்டபத்தில் அமர்ந்திருக்கலாம். விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்ததும் இந்த ஊர்தான். பெருமாள் பெயரைத்தான் அவருக்கு வைத்திருக்கிறார்கள்.

கோனாபட்டு ஆச்சி (பதிவு 10)

எனக்கு ஏழடிப்பட்டத்தைப் பற்றிக் கவலையாக இருக்கிறது. ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். பாறை விளிம்பில் குறுகலான வழி. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வேண்டுமா?

ஓலைச்சுவடி (பதிவு 11)

ஆச்சி கேட்பதில் நியாயம் இருக்கிறது. கம்பித் தடுப்பு இருந்தாலும் அங்கே ஓடக்கூடாது. ஓடுகிற வயதுப் பிள்ளையை அழைத்துச் செல்லாமல் இருப்பதே மேல். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களும் கால் உறுதியுள்ள பெரியவர்களும் போகட்டும். மற்றவர்கள் கீழே பூங்காவில் இருக்கலாம்.

ஆனால் போகிறவர்கள் அவசரப்படக்கூடாது. பதினேழு படுக்கைகள், தலைமாட்டில் பாறையையே சற்று உயர்த்தித் தலையணை போல விட்டிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பெரியதில்தான் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து. எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த காவிதி ஒருவருக்காகச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் பொருள். கிறித்துவுக்கு முந்தையது. எருமை நாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி. அவ்வளவு தொலைவிலிருந்து வந்த ஒருவர் படுப்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் பாறையைச் செதுக்கித் தந்திருக்கிறார்கள். சில எழுத்துகளைப் பிள்ளைகள் முன்கூட்டியே தாளில் எழுதிப் பழகி வந்தால் பாறையில் அவற்றைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். சாய்ந்த ஒளியில்தான் கீறல் தெரியும் என்பதால் நேராக நின்று பார்க்காமல் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும்.

கோனாபட்டு ஆச்சி (பதிவு 12)

அப்படியென்றால் சரி. தம்பி, ஆத்தாவுக்கு இன்னும் ஒன்று செய்யுங்கள். அறிவர் கோயிலில் பார்க்க வேண்டியது தலைக்கு மேலே இருக்கிறது. வயதானவர்களால் இரண்டு நிமிடத்துக்கு மேல் கழுத்தை அண்ணாந்து வைத்திருக்க முடியாது, தலை சுற்றும். வீட்டிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். இடுப்பளவில் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தால் விதானம் முழுவதும் கண்ணாடிக்குள் தெரியும். வெயில் கண்ணாடியில் பட்டு ஓவியத்தின்மேல் அடிக்காதபடி நிழலில் பிடிக்க வேண்டும். என் அண்ணமிண்டியை (அண்ணன் மனைவியை) அழைத்துச் சென்றபோது நான் இப்படித்தான் செய்தேன்.

கானாடுகாத்தான் வளவு (பதிவு 13)

அனைவருக்கும் நன்றி. முடிவான திட்டம்: ஆறரைக்குப் புறப்பாடு, பைரவர், இரு கோயில்கள், ஒன்பது மணிக்குக் கோட்டை, பதினொன்றுக்குள் புதுக்கோட்டை, ஒரு மணிவரை அருங்காட்சியகம், பூங்காவில் உணவு, மூன்று மணிக்கு அறிவர் கோயில், நான்கரைக்கு ஏழடிப்பட்டம். போய் வந்து எழுதுகிறேன்.

கானாடுகாத்தான் வளவு (பதிவு 14)

போய் வந்துவிட்டோம். சொன்னபடி எழுதுகிறேன்.

புறப்படும்போதே முக்கால் மணி நேரம் தாமதம். பைரவர் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருந்ததால் அங்கும் நேரம் போயிற்று. கோட்டையிலிருந்து இறங்கும்போது பதினொன்றே கால். பாறை சுடத் தொடங்கிவிட்டது. மெய்யமலை அடிவாரம் அண்ணன் சொன்னது போலப் பீரங்கியைவிட்டுப் பிள்ளைகள் நகரவே இல்லை. அதனால் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. நாணயங்கள் இருந்த பகுதியில் புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசைப் பார்த்ததும் அப்பச்சி நின்றுவிட்டார்கள். சிறுவயதில் தம் அப்பத்தாளின் பெட்டியில் அதைப் பார்த்திருப்பதாகவும் பிரகதாம்பாளின் உருவம் பொறித்த காசு என்பதால் அதைச் செலவு செய்யாமல் வைத்திருந்ததாகவும் சொன்னார்கள். எங்கள் யாருக்கும் இதுவரை அந்தச் செய்தி தெரியாது.

சித்தன்னவாசலில் காவலர் எங்களை ஐந்தைந்து பேராக உள்ளே அனுப்பினார். அதுவும் நல்லதாகவே ஆயிற்று. முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. பச்சையும் மங்கலான செந்நிறமுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. கண் பழகப் பழகத் தாமரை இலைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. இலைகளுக்கு இடையில் மொட்டுகள், மீன்கள், பறவைகள், யானைகள். தாமரைத் தண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற இளைஞரை என் மகள்தான் முதலில் கண்டாள். கருவறைக்குள் அமர்ந்திருக்கும் மூவரில் இருவர் தலைக்கு மேல் முக்குடையும் ஒருவருக்கு ஒற்றைக் குடையும் இருப்பதைத் தம்பியின் மகன் எண்ணிச் சொன்னான். முக்குடை தீர்த்தங்கரர்களுக்கு உரியது, ஒற்றைக் குடை ஆசாரியருக்கு உரியது என்று காவலர் விளக்கினார். பிறகு அவர் எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு மெல்லிய குரலில் ஒரே சுருதியில் முனகினார். அந்தச் சிறிய அறை முழுவதும் அதிர்ந்தது. ஒலி எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. ஆறு வயதுக்காரன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

ஆச்சி, கண்ணாடியைக் கொண்டு போயிருந்தேன். ஆத்தாவைத் தூணிலிருந்து தள்ளி நிறுத்திக் கண்ணாடியை இரு கையாலும் பிடிக்கச் செய்தோம். வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "இங்கே ஓர் எருமை தண்ணீருக்குள் நிற்கிறது, நம் ஊருணியில் நிற்குமே அதே மாதிரி" என்று சொன்ன பிறகுதான் நாங்கள் அனைவரும் மேலே அண்ணாந்து அதைத் தேடினோம். அதுவரை எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

ஏழடிப்பட்டத்துக்கு ஏழு பேர் மட்டும் சென்றோம். ஐயா சொன்னபடி நிழல் விழுந்திருந்தது. ஐந்து மணி ஆகிவிட்டதால் காவலர் அழைத்துவிட்டார். கல்வெட்டில் நான்கைந்து எழுத்துகளுக்கு மேல் பிள்ளைகளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த ஒரு குறைதான் எனக்கு. புறப்பாட்டை ஆறு மணிக்கே வைத்திருக்க வேண்டும். இனித் திட்டமிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

ஐயா, வைகாசியில் மறுபடியும் வருகிறேன், என் மகளும் நானும் மட்டும். அவள் வீணை கற்கிறாள். குடுமியான்மலை இசைக் கல்வெட்டைக் காட்ட வேண்டும். எந்த நேரம் சரியாக இருக்கும்?

ஓலைச்சுவடி (பதிவு 15)

படித்து மிகவும் மகிழ்ந்தேன் தம்பி. எருமையை நான் பத்துப் பன்னிரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஊருணி என் நினைவுக்கு வந்ததே இல்லை. ஆத்தாவுக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

குடுமியான்மலைக்குக் காலை ஏழரைக்கெல்லாம் சென்றுவிடுங்கள். வைகாசி வெயிலில் அதற்குப் பின் பாறையை அண்ட முடியாது. இசைக் கல்வெட்டு மேலைக்கோயில் என்கிற குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவில் இருக்கிறது. பெரிய கோயிலுக்குள் சென்று பின்பக்கமாகப் போக வேண்டும் என்பதால் நடை திறந்திருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து பல்லவ கிரந்தம். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். ஏழு பண்களுக்கு உரிய சுரக் கோவைகள் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதப்பட்டுள்ளன. முடிவில் மட்டும் தமிழில் ஒரு வரி வருகிறது: எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய. எட்டு நரம்புக்கும் ஏழு நரம்புக்கும் இவை பொருந்தும் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். உங்கள் மகள் தன் வீணையில் எத்தனை தந்தி என்று எண்ணிவிட்டு வரட்டும். அதே மலையில் பாறை விளிம்பில் அறுபத்து மூவரையும் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அது கீழிருந்தே தெரியும்.

நானும் அன்று வருகிறேன். நாள் முடிவானதும் எழுதுங்கள்.